பெலிகனுக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 6, சனி

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்குப் பிடிக்காதது நடந்தாலும் எழுதுவேன். கையெழுத்து: பூ. சஷ்மிதா, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.

அம்மா வேலை பார்க்கும் மெடிக்கல்ஸுக்கு ஒரு மருந்து கம்பெனி கொடுத்த டைரி இது. ஜனவரியில் வந்து, பால் கணக்குகூட எழுதாமல் மேசைக்குள் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரை விளம்பரம் இருக்கிறது. இன்றைய பக்கத்துக்கு வாயுத்தொல்லை.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றி. கோயம்புத்தூர், சிங்காநல்லூர், முதல் மாடி. அப்பா பூபதி, தண்ணீர் பம்ப் செய்யும் கம்பெனியில் டிசைன் பிரிவு. அம்மா கோகிலவாணி. பிறகு பெட்டிகள்.

பெட்டிகள் என்றால் கட்டை அடுக்கிப் பொருத்தும் பொம்மை செட்டுகள். ‘ஸ்டார்ஷோர்’ சினிமாவில் வரும் விண்கப்பல்கள், நிலவுக் கோட்டை, ஊர்ந்து போகும் டாங்கி எல்லாம் இருக்கின்றன. நான்கு பெட்டிகள் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவின் அடித்தட்டில் இருக்கின்றன. ஐந்தாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது, பெலிகன் என்ற சரக்குக் கப்பல். அது எந்த உறையிலும் அடங்காது. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறோம்.

எதையும் பிரிக்கக் கூடாது. ஏனென்றால் அவை விளையாட்டுச் சாமான் இல்லை, முதலீடு. கம்பெனி ஒரு செட்டைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டால், சீல் உடையாத பெட்டிக்கு வருடாவருடம் விலை ஏறும் என்று அப்பா சொல்வார். மூலை மடங்கினால் விலை போச்சு. வெயில் பட்டு நிறம் மங்கினால் போச்சு. பிரித்தால் எல்லாமே போச்சு. நான் கல்லூரிக்குப் போகும்போது பெலிகன்தான் எனக்கு ஃபீஸ் கட்டும்.

அம்மா சொல்வது வேறு. “எல்லா வீட்லயும் பொண்டாட்டி ஒரு கம்மல் கேட்டா கம்மல் வாங்கித் தருவாங்க. இவரு ராக்கெட் வாங்கிட்டு வர்றாரு.”

செப்டம்பர் 7, ஞாயிறு

பெட்டிகளுக்கு ஈரம் ஆகாது. அதனால் ஷூ டப்பாக்களில் வரும் சின்ன வெள்ளைப் பொட்டலங்களைச் சேர்த்து இடுக்குகளில் வைப்பது என் வேலை. என் வகுப்புத் தோழி ஆயிஷாவின் அத்தா செருப்புக்கடை வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. இன்று ஒரு கவர் நிறையக் கொடுத்தார். “சமைச்சுக் கிமைச்சுத் தின்னுறாதம்மா” என்றார். ஒவ்வொரு முறையும் இதையே சொல்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன்.

பெலிகனை வேட்டி மாற்றுவதற்காக இறக்கினோம். தூக்கும்போது உள்ளே தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் துண்டுகள். காதை வைத்துக் கேட்டேன். அப்பாவும் மறுபக்கம் காதை வைத்தார்.

“ஒரு நாளாவது பிரிச்சுப் பாக்கணும்னு தோணலையாப்பா?”

“தோணும். தோணுனா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுக்குவேன் கண்ணு.”

செப்டம்பர் 10, புதன்

கணக்குத் தேர்வு. எளிது. அப்பா இந்த வாரம் பஸ்ஸில் போகிறார். பைக்கில் ஏதோ சத்தம் வருகிறதாம்.

செப்டம்பர் 13, சனி

நகரத்துப் பெரிய நூலகத்துக்கு ஆயிஷாவும் அவள் அக்காவும் போனார்கள். நானும் கட்டுரைப் போட்டிக்காகப் போனேன். செய்தித்தாள் பிரிவைத் தாண்டித்தான் சிறுவர் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஜன்னல் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பை காலடியில் இருந்தது. கழுத்தில் ஐடி கார்டு இல்லை. வேலைவாய்ப்புப் பக்கத்தை நான்காக மடித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமையும் அப்பாவின் கம்பெனி உண்டு.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஆசிரியர் வந்தால் நாங்கள் எழுந்திருப்போமே, அப்படி. “கம்பெனி விசயமா ஒண்ணு பாக்க வந்தேன் கண்ணு” என்றார். கேன்டீனில் எனக்கும் ஆயிஷாவுக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை. கிளம்பும்போது என் பின்னலைச் சரிசெய்தபடி, “அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். சும்மா வெசனப்படுவா” என்றார்.

சரி என்றேன். உண்மையை எழுதுவதாகத்தான் இந்த டைரிக்கு வாக்குக் கொடுத்தேன். எழுதுவது வேறு, சொல்வது வேறு. ஆகவே நான் இரண்டு வாக்கையும் காப்பாற்றுகிறேன்.

இன்றைய பக்கத்தில் தலைசுற்றல் மாத்திரை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மெடிக்கல்ஸுக்கு அப்பாவின் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி வந்தாராம். பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். என்ன பேசினார் என்று அம்மா சொல்லவில்லை. ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதம் செய்து, அப்பா தட்டில் நெய்யைக் கவிழ்த்தேவிட்டாள். மாதப் பாதியிலேயே நெய்யை ஒளித்து வைக்கும் அம்மா!

“போதும் கோகிலா, நீச்சலா அடிக்கப் போறேன்?”

“அடிங்க. யாரு வேண்டாம்னது?”

செப்டம்பர் 18, வியாழன்

அம்மா இன்று வேலைக்குத் தாமதமாகப் போனாளாம். பஸ் கிடைக்கவில்லை என்று முதலாளியிடம் சொன்னாளாம். எங்கள் தெருமுனையில் பஸ் வந்துகொண்டேதான் இருக்கும். மாலையில் வந்து சட்டினிக்குத் தேங்காய் துருவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். இரண்டு நாளாக அவள் சரியாகப் பேசவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பாவின் சாப்பாட்டுப் பையில் அம்மா கொசுக்கடிக்குப் போடும் களிம்பு ஒன்றை வைத்தாள்.

“கம்பெனில கொசுவாம்மா?”

“எல்லா எடத்துலயும் கொசுதான்” என்று ஜிப்பை இழுத்து மூடினாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அப்பா என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: “பெட்டிகள வித்துரலாம்னு பாக்கறேன் அம்மிணி. பெலிகனயும்.”

“நான் இப்பத்தான எட்டாவது படிக்கிறேன்?”

“வெல நல்லா இருக்கறப்பவே குடுத்துரோணும். அதுதான் முதலீடு.”

போன மாதம் இன்னும் நான்கு வருடம் போகட்டும் என்று அவரேதான் சொன்னார். ஞாபகப்படுத்த வாயெடுத்தேன். அப்பா தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

சரவணம்பட்டியில் நவநீத் என்ற ஐ.டி.க்காரர் இருக்கிறார். இந்த மாதிரிப் பெட்டிகளுக்காக ஒரு அறையே ஒதுக்கி, ஏ.சி. போட்டு வைத்திருக்கிறாராம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டி பழுதில்லாமல் இருந்தால் கேட்ட விலை கொடுப்பாராம்.

“அம்மாவுக்கு?”

“வித்ததுக்கு அப்பறம் சொல்லிக்கலாம். கையில எதாவது வெச்சுக்கிட்டுச் சொன்னா நல்லா இருக்குமில்ல?”

இது பெட்டி விற்பதைப் பற்றிய பேச்சு என்றுதான் நான் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

காலாண்டுத் தேர்வு முடிந்தது. சமூக அறிவியலில் வரைபடம் சொதப்பல். சோழ நாடு கடலுக்குள் போய்விட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மா கடைக்குப் போனபோது பெலிகனை இறக்கிப் படம் எடுத்தோம். ஆறு பக்கமும், எட்டு மூலையும். ஒரு கீறல் இல்லை. பெட்டிப் படத்தில் பெலிகன் ஒரு சிவப்பு நிலவைக் கடந்து போகிறது. சன்னலில் சின்னதாக மூன்று தலைகள். நவநீத் “சூப்பர் கண்டிஷன் சார்” என்று பதில் அனுப்பினார். அப்பா அதை என்னிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார்.

மறுபடி மேலே ஏற்றும்போது ஸ்டூல் ஆடியது. அதனால் வேட்டியைப் போர்த்தி பீரோ ஓரத்திலேயே தரையில் நிறுத்தினோம். ஒரு வாரம்தானே.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் கம்பெனியில் முதல் நாளே பூஜை போட்டு, எல்லோருக்கும் ஒரு ஸ்வீட் பெட்டியும் பொரிப் பொட்டலமும் கொடுப்பார்கள். இந்த வருடமும் அப்பா ஸ்வீட் பெட்டியோடு வந்தார். “கம்பெனில குடுத்தாங்க” என்று என் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

பெட்டியின் அடியில் ஒரு பேக்கரியின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். பாதிதான் வந்தது. மீதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். “பரவால்லையே, போன வருசத்தவிட இந்த வருசம் மைசூர்பா நல்லா இருக்குதுங்க.”

“அப்படியா?” என்றார் அப்பா, முகம் துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே.

“ஆமாங்க. வாயில வெச்சா கரையுது.”

எனக்கு அது கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும்.

காலையில் எழுந்து சன்னல், கதவு, மிக்ஸி, மின்விசிறி எல்லாம் துடைத்தேன். அப்பா பைக்கைக் கழுவினார். அம்மா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே, “வாழக்கன்னு ரெண்டும், இன்னும் ரெண்டு முழம் பூவும் வாங்கிட்டு வா சாமி” என்று என்னை அனுப்பினாள். கடைத்தெருவில் ஒரே கூட்டம். பூசணிக்காய் உடைத்த இடத்தில் ஒரு தாத்தா வழுக்கி விழப் பார்த்து, பூசணியைத் திட்டினார்.

நான் திரும்பி வந்தபோது வீடே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. கிரைண்டருக்குப் பொட்டு. என் புத்தகக் கட்டுக்குப் பொட்டு. அம்மாவின் தையல் கத்தரிக்குப் பொட்டு. அப்பாவின் வெர்னியர் காலிபர் என்கிற அளவு பார்க்கும் கருவிக்குப் பொட்டு.

சாமி படத்துக்கு முன்னால், நடு வீட்டில், கோலமிட்ட மணையின் மேல், பெலிகன்.

வேட்டி இல்லை. சிவப்பு நிலவின் மேல் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நான்கு மூலைக்கும் நான்கு பொட்டு. உச்சியில் ஒரு செவ்வந்திப் பூ, செல்லோடேப் போட்டு ஒட்டியது. அம்மா சந்தனத்தைத் தண்ணீர் கொஞ்சம் தாராளமாக விட்டுத்தான் குழைப்பாள். ஈரம் அட்டைக்குள் இறங்கி, நிலவு உப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான்கு சின்னப் பெட்டிகளும் உறை மேல் பொட்டோடு வரிசையாக நின்றன.

எனக்கு முதலில் தோன்றியது என்னவென்றால், ஓடிப்போய்த் துடைத்துவிட வேண்டும். துடைத்தால் இன்னும் பரவும். அந்த வெள்ளைப் பொட்டலங்களை அதன் மேல் கொட்டினால் ஈரத்தை உறிஞ்சுமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அப்பா பைக் துடைத்த துணியோடு உள்ளே வந்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. எங்கள் வீட்டில் அப்பா கத்த மாட்டார். துணியை மெல்ல இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

“யாரு கோகிலா வெச்சது?”

“நாந்தானுங்க.” அம்மா வாழையிலையில் பொரியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பெட்டிக்கு எதுக்கும்மா பொட்டு...”

“ஆயுத பூசைக்கு அவங்கவங்க தொழிலுக்குத்தானுங்களே பொட்டு வெப்பாங்க.” பொரி நடுவில் வெல்லத்தைப் பதித்தாள். “கம்பெனி போயிருச்சு. இப்ப உங்களுக்கு இதுதான தொழிலு. கீழ எறக்கி வெச்சிருக்கீங்க, விக்கத்தான போறீங்க. அது நல்லபடியா நடக்கட்டும்னு வெச்சேன். பூ நிக்கல, அதான் டேப் ஒட்டுனேன்.”

தெருவில் யாரோ லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். டயர் அதை நசுக்கிய சத்தம் மாடிவரை கேட்டது.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பூஜைக்கு உட்காரும் இடத்தில் இல்லை, கதவு ஓரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

“எப்பத் தெரியும்?”

“தெரியும். அத விடுங்க. எந்திரிச்சு வந்து கற்பூரத்தக் காட்டுங்க. பொரி நமுத்துப் போகுது.”

அப்பா எழுந்து வந்து கற்பூரம் காட்டினார். மணி என் கையில் இருந்தது. எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மத்தியானம் இருவரும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பூஜையில் புத்தகம் வைத்துவிட்டதால் படிக்கக் கூடாது. ஆகவே ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா அடிக்கடி மூக்கை உறிஞ்சினார். பைக் கழுவியதில் சளி பிடித்திருக்கும்.

அக்டோபர் 2, வியாழன்

அம்மாவுக்கு ஈரப்பொட்டு என்ன செய்யும் என்பதை அப்பா இன்றுதான் சொன்னாராம். அம்மா பெலிகன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பூவைப் பிய்த்தபோது டேப்போடு அட்டையின் மேல்தாளும் உரிந்து வந்தது.

“ஐயோ, நாம் பாட்டுக்கு அப்பிட்டனே. புள்ள காலேசு காசு!”

“நிலாவுக்குத்தான வெச்ச. கப்பலுக்கு ஒண்ணும் ஆகல” என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நவநீத் வந்தார். முதுகில் பை, கையில் ஒரு சின்ன டார்ச். சின்னப் பெட்டிகளின் உறையைக் கழற்றி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். பொட்டெல்லாம் உறையோடு போய்விட்டது. உள்ளே பழுதில்லை. நான்கையும் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு பெலிகன்.

“சார்... போட்டோல இது இல்லையே. மஞ்சளா?”

“சந்தனம் தம்பி” என்றாள் அம்மா.

டார்ச்சை அணைத்துவிட்டார். “ஆயுத பூசையா? எங்கம்மா என்ற லேப்டாப் கீபோர்டுல வெச்சுட்டாங்கக்கா. நாலு நாளா ‘கே’ அமுக்கினா குங்குமம் வருது.” எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் தலையைச் சொறிந்தார். “வாங்கறவங்க பெட்டியத்தான் சார் பாப்பாங்க. பாதிக்கும் கொறச்சுத்தான் என்னால குடுக்க முடியும்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். “செரி, பரவால்ல, எடுத்துக்கங்க” என்று சொல்ல வாயைத் திறந்தது எனக்குத் தெரிந்தது.

“அது வேண்டாமுங்க” என்றாள் அம்மா.

“கோகிலா, இருக்கற நெலமைல...”

“நாலு போயிருச்சில்ல? என்ற சம்பளம் வருதில்ல? அத அந்த வெலைக்குக் குடுத்துட்டு நாளைக்கு மேல நிமிந்து பாத்தா வெறும் பீரோதான் இருக்கும். இத்தன வருசம் நம்ம மூணு பேரையும் தண்ணி குடிக்க வெச்ச பெட்டி. பிரிங்க.”

“பிரிச்சா ஜீரோக்கா” என்றார் நவநீத், வலிக்கிற மாதிரி.

“ஆகட்டும் தம்பி.”

அவர் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, மறுபடி மாடியேறி வந்தார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். “பிரிக்கறப்ப ஒரு வீடியோ அனுப்புறீங்களா சார்? நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பிரிச்சதில்ல” என்றார்.

சீலை அப்பா என்னைக் கிழிக்கச் சொன்னார். நான் அம்மாவைக் கிழிக்கச் சொன்னேன். கடைசியில் அம்மா மருந்துப் பெட்டி பிரிக்கும் பழக்கத்தில் கட்டைவிரலை விட்டு ஒரே இழுப்பில் பிரித்துவிட்டாள். தூறல் சத்தம் ஹால் முழுக்கப் பரவியது.

அக்டோபர் 9, வியாழன்

பள்ளி திறந்துவிட்டது. மாலையில் பெலிகன். நிறவாரியாகப் பிரிப்பது என் வேலை. மாத்திரை பிரிக்கும் தட்டு ஒன்றை அம்மா கொண்டுவந்திருக்கிறாள். அப்பா ஒரு துண்டைக் காலிபரில் அளந்துவிட்டு, “ஒரு முடி அளவுகூடப் பெசகல கோகிலா!” என்று சத்தம் போட்டார். பம்புக்குக்கூட அவர் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா அடுக்குவதில் குறிப்புப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் கப்பலின் இறக்கை ஒன்று தலைகீழாகிவிட்டது. பிரித்து மறுபடி கட்டினோம்.

இன்று நான் அம்மாவிடம் நூலகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்ததற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

“எனக்குத் தெரியும் சாமி. பிரசர் மாத்திர வாங்க வந்த அந்தம்மா சொன்னாங்களே, ஆள் கொறைச்ச சேதி. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. எங்க போறாரோ, என்ன நெனப்புல இருக்காரோன்னு. ஒரு நாள் பின்னாடியே வேற பஸ்ல போனேன். சன்னல்கிட்ட உக்காந்து பேப்பர் படிச்சுட்டு, கையில கொசு அடிச்சுட்டு இருந்தாரு. அப்பறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.”

“உள்ள போய்ப் பேசலையா?”

“அவரா சொல்லட்டும்னு வந்துட்டேன்.” ஒரு சின்ன மஞ்சள் துண்டை இடம் தேடிப் பொருத்தினாள். “சொல்லவே இல்ல. அதான் நான் சொன்னேன்.”

அக்டோபர் 19, ஞாயிறு

பெலிகன் முடிந்தது. கடைசித் துண்டு சோபாவுக்கு அடியில் கிடந்தது. சன்னலில் மூன்று தலைகளையும் உட்கார வைத்தேன். டிவி பக்கத்தில் அது முழு இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சீரியல் பார்க்க அம்மா கழுத்தைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. பொட்டு வைத்த அட்டையை வெட்டி, கப்பலுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம். சந்தனம் காய்ந்து வெடித்ததில் நிலவு இப்போது நிஜ நிலவு போலவே இருக்கிறது. நவநீத்துக்குப் படம் அனுப்பினோம். அவர் அழுகிற பொம்மை முகம் ஒன்றை அனுப்பினார்.

தீபாவளி முடிந்ததும் அப்பா கணபதி ஏரியாவில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போகிறார். மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்யும் இடம். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஐடி கார்டு கிடையாது. எந்தத் தெரு, எந்த பஸ், முதலாளி பெயர் என்ன, பக்கத்தில் டீக்கடை இருக்கிறதா என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்காததையும் சொன்னார்.

“கொசு இருக்குமா?” என்றாள் அம்மா.

அப்பா சாப்பாட்டுப் பையை எடுத்து, அந்தக் களிம்பை வெளியே எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா பால் பாத்திரத்தை மூடப் போய்விட்டாள்.

பிறகு என் மேசைப் பக்கம் வந்தார். “எல்லாத்தையும் எழுதிட்டயா கண்ணு?”

“எழுதிட்டேம்ப்பா.”

“நூலகத்தயுமா?”

“அதையும்.”

“ஸ்வீட் பெட்டி?”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உன்ற கட்டைவெரல்ல பசை ஒட்டியிருந்துச்சு” என்றார். என் தலையில் கை வைத்தார். “எழுது, எழுது. அப்படியே இருக்கட்டும்.”

இந்தப் பக்கத்தின் அடியில் நல்ல தூக்கத்துக்கான மாத்திரை விளம்பரம். எங்கள் வீட்டில் யாருக்கும் இன்று அது வேண்டியதில்லை. அப்பா பெலிகனின் சன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஹால் விளக்கை அணைத்துவிட்டார்.